பாரம் தாங்கும் காற்று

மகிழுந்து வாங்க விரும்புவோர் அதன் நிறத்தைப் பார்க்கின்றனர். இயந்திரத்தின் ஆற்றலைக் கேட்டறிகின்றனர். ஒரு லிட்டர் எரிபொருளுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று வினவுகின்றனர். அவ்வண்டியையும் அதில் அமர்ந்திருக்கும் அனைவரையும் உண்மையில் தாங்கிச் செல்வது எது என்று கேட்போர் மிகச் சிலரே. இரும்பு என்பர் சிலர். ரப்பர் என்பர் பலர். இவ்விரண்டையும்விட மிகுதியான பாரத்தைத் தாங்குவது டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்றேயாகும். கண்ணுக்குப் புலப்படாததாலேயே அதனை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

இம்மறதியோடு ஒரு தவறான நம்பிக்கையும் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ‘வெயிற்காலத்தில் காற்று விரியும், ஆகவே இரண்டு மூன்று பவுண்டு குறைத்து வைப்பதே பாதுகாப்பு’ என்று வண்டியோட்டிகள் பலர் கூறுவதை நாம் கேட்டிருக்கிறோம். நெடுவழியில் டயர் வெடித்துக் குடும்பங்கள் சிதறுண்ட செய்திகளைக் கோடைதோறும் நாளேடுகளில் படிக்கும் நமக்கு இவ்வறிவுரை பொருத்தமானதாகவே தோன்றும். ஆனால் அறிவியல் கூறும் உண்மை இதற்கு நேர்மாறானது. அதனைச் சற்று விரிவாகக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரச் சக்கரமும் காற்றுச் சக்கரமும்

நம் முன்னோரின் வண்டிச் சக்கரத்தில் குடம், ஆரக்கால், வட்டை என்னும் மர உறுப்புகளும், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டையும் இருந்தன. பாதையிலுள்ள மேடு பள்ளம் ஒவ்வொன்றின் அதிர்ச்சியும் அச்சின் வழியே ஏறி, அமர்ந்திருப்போரின் உடலை உலுக்கியது. மாட்டின் வேகத்திற்கு அச்சக்கரம் போதுமானதாக இருந்தது. இயந்திரத்தின் வேகத்திற்கு அது ஈடுகொடுக்கவில்லை.

1839-ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் உறுதிபெறும் என்பதைக் கண்டறிந்தார். 1845-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இராபர்ட் வில்லியம் தாம்சன் காற்றடைத்த சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்றார். எனினும் அது வழக்கத்திற்கு வரவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னர், பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக விளங்கிய ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டி அதிராமல் ஓடவேண்டும் என்று விரும்பிக் காற்றடைத்த சக்கரத்தைத் தாமே உருவாக்கினார். 1888-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1895-இல் மிச்சலின் சகோதரர்கள் பாரிஸ் – போர்தோ – பாரிஸ் பந்தயத்தில் காற்றடைத்த டயர்களைப் பூட்டிய மோட்டார் வண்டியை ஓட்டிக் காட்டினர். நம் நாட்டிலும், 1946-இல் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன்கள் செய்யும் சிறு தொழிற்கூடமாகத் தோன்றியதே பிற்காலத்தில் டயர் உற்பத்தியில் புகழ்பெற்ற எம்.ஆர்.எஃப். நிறுவனம் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. பலூனாயினும் டயராயினும் அடிப்படை ஒன்றே. வெளியுறை காற்றைச் சிறைப்படுத்துகிறது. சிறைப்பட்ட காற்று வடிவத்தையும் வலிமையையும் தருகிறது.

நான்கு உள்ளங்கைகளின் மீது ஒரு வண்டி

ஐந்து பேரும் அவர்தம் மூட்டை முடிச்சுகளும் ஏறிய சிறிய மகிழுந்து ஒன்றின் மொத்த எடை 1,200 கிலோ எனக் கொள்வோம். நான்கு சக்கரங்களும் அதனைச் சமமாகப் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றின் மீதும் 300 கிலோ அமர்கிறது. டயரில் 30 பவுண்டு காற்று இருக்கிறது எனில், ஒரு சதுர அங்குலப் பரப்பில் 30 பவுண்டு விசையுடன் காற்று அழுத்துகிறது என்பது பொருள். மெட்ரிக் அளவில் இது சதுர செண்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.1 கிலோவாகும். 300 கிலோவை 2.1 ஆல் வகுத்தால் 143 கிடைக்கிறது. அதாவது, ஒவ்வொரு சக்கரமும் ஏறத்தாழ 143 சதுர செண்டிமீட்டர் பரப்பில் மட்டுமே தரையைத் தொடுகிறது. இது விரல்களோடு கூடிய ஓர் உள்ளங்கையின் அளவேயாகும். விரைவதும் திரும்புவதும் தடைபோட்டு நிற்பதும் இந்நான்கு உள்ளங்கைப் பரப்புகளை நம்பியே நிகழ்கின்றன.

இக்கணக்கில் எடை மாறாதிருக்க, அழுத்தம் மட்டும் 30 பவுண்டிலிருந்து 20 பவுண்டாகக் குறைந்தால் என்ன நேரும்? பாரத்தைத் தாங்குவதற்குத் தரையில் படும் பரப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காக வேண்டும். அதற்காக டயர் நசுங்குகிறது. அதன் பக்கச்சுவர் வெளியே பிதுங்குகிறது. ‘பரப்பு மிகுந்தால் பிடிப்பு மிகும் அன்றோ?’ என்று மாணவர் வினவக்கூடும். மணலில் சிக்கிய வண்டியை மெல்ல வெளியேற்றுவதற்கு அது உதவும் என்பது உண்மையே. ஆயினும் வேகமாகச் செல்லும் சாலையில் அவ்வாறு நசுங்கும் டயர் தனக்குத் தானே கேடு தேடிக்கொள்கிறது.

உள்ளிருந்து எழும் வெப்பம்

ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை எடுத்து ஒரே இடத்தில் பலமுறை வளைத்து நிமிர்த்திய பின்னர் அவ்விடத்தைத் தொட்டுப் பார்த்தால் சுடும். மேலும் வளைத்தால் கம்பி முறிந்துவிடும். ஓடும் டயரிலும் இதுவே நிகழ்கிறது. சக்கரம் ஒருமுறை சுழலும்போது பக்கச்சுவரின் ஒவ்வொரு பகுதியும் தரையருகே வரும்பொழுது வளைந்து, மேலே செல்லும்பொழுது நிமிர்கிறது. 1.8 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரம் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 740 முறை சுழல்கிறது. ஒரு மணி நேரத்தில் 44,000 முறைக்கு மேல் அந்த வளைதலும் நிமிர்தலும் நிகழ்கின்றன.

காற்று சரியாக இருப்பின் வளைவு சிறிதாக இருக்கும். அதனால் எழும் வெப்பத்தை ஓட்டத்தின்போது வீசும் காற்று எடுத்துச் சென்றுவிடும். காற்று குறைந்திருப்பின் வளைவு பெரிதாகும். வெப்பம் வெளியேறும் விரைவினும் மிகுதியாகத் தோன்றும். ரப்பரும் அதனுள் பின்னப்பட்ட நூலிழைகளும் எஃகுக் கம்பிகளும் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிணைப்பு அவ்வெப்பத்தால் தளர்கிறது. மேற்பட்டை உரிந்து பெயர்கிறது. அல்லது பக்கச்சுவர் கிழிந்து டயர் வெடிக்கிறது. பார்ப்பவர்க்குக் காற்று மிகுந்து வெடித்ததாகவே தோன்றும். உண்மையில் காற்று குறைந்ததால் எழுந்த வெப்பமே பெரும்பாலும் அதற்குக் காரணமாகும்.

காற்று குறைவோடு வேகமும் பாரமும் கூடிவிட்டால் இக்கேடு பன்மடங்காகிறது. மயிலிறகேயாயினும் அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று ‘வலியறிதல்’ அதிகாரத்தில் வள்ளுவர் சொன்ன உண்மை இன்றைய டயருக்கும் பொருந்துவதேயாகும். திருமணத்திற்குச் செல்லும்பொழுது ஐவர் அமரும் வண்டியில் எண்மரை அமர்த்துகிறோம். அயல்நாட்டிலிருந்து வரும் உறவினரை விமான நிலையத்திலிருந்து அழைத்து வரும்போது கூரைமீதும் பெட்டிகளை அடுக்குகிறோம். புறப்படுமுன் டயரின் காற்றை அளந்து பார்ப்போர் நம்முள் எத்தனை பேர்?

கோடைக்காலக் கணக்கு

இனி, வெயிற்காலத்தில் காற்றைக் குறைக்கும் வழக்கத்தைக் கணக்கிட்டு ஆராய்வோம். அடைபட்ட வாயுவின் கன அளவு மாறாதிருக்கும்போது அதன் அழுத்தம் தனிவெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது இயற்பியல் மாணவர் அறிந்த விதியாகும். காலையில் 27 பாகை செல்சியஸ் வெப்பத்தில் டயரில் 30 பவுண்டு இருக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தமாகிய 14.7 பவுண்டையும் சேர்த்தால் மொத்தம் 44.7 பவுண்டு. தனிவெப்பநிலையில் 27 பாகை என்பது 300 ஆகும். நெடுவழியில் ஓடிய பின்னர் டயருக்குள் இருக்கும் காற்று 57 பாகையை, அதாவது தனிவெப்பநிலையில் 330-ஐ எட்டுகிறது எனக் கொண்டால், மொத்த அழுத்தம் பத்தில் ஒரு பங்கு கூடி 49.2 ஆகிறது. அளவுமானி இப்போது ஏறத்தாழ 34.5 பவுண்டு காட்டும்.

இந்த நாலரைப் பவுண்டு உயர்வைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. ஓட்டத்தில் அழுத்தம் இவ்வாறு உயரும் என்பதை அறிந்தே வண்டி செய்வோர், குளிர்ந்த நிலையில் இருக்கவேண்டிய அளவை வரையறுத்துள்ளனர். நல்ல நிலையிலுள்ள டயர் இவ்வுயர்வை எளிதில் தாங்கும்.

ஆனால், வழியில் நின்று, ‘காற்று கூடிவிட்டது’ என்று கருதி அதனை மீண்டும் 30 பவுண்டிற்கு இறக்கிவிட்டோமாயின் நிலைமை மாறுகிறது. டயர் குளிர்ந்து 27 பாகைக்கு வரும்போது அதில் எஞ்சியிருப்பது 26 பவுண்டு மட்டுமே. மறுநாள் அக்குறைந்த காற்றோடு வண்டி புறப்படுகிறது. டயர் முன்னினும் மிகுதியாக வளைகிறது. முன்னினும் மிகுதியாகச் சூடாகிறது. மீண்டும் ஒருவர் காற்றை இறக்கினால் சுழற்சி தொடர்கிறது. வெப்பத்தைத் தணிப்பதாக எண்ணி வெப்பத்தை வளர்க்கும் செயலன்றோ இது? ஆகவே, சூடான டயரிலிருந்து காற்றை இறக்குதல் ஒருபோதும் கூடாது. கோடையாயினும் மாரியாயினும், குளிர்ந்த நிலையில் அளந்து குறிப்பிட்ட அளவை வைத்திருப்பதே முறையாகும்.

அமெரிக்கா கற்ற பாடம்

காற்றழுத்தம் ஒரு நாட்டின் சட்டமன்றம் வரை சென்ற வரலாறும் உண்டு. 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு திங்களில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் பல இலட்சக்கணக்கான டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றுள் பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்புளோரர் வண்டிகளில் பூட்டப்பட்டிருந்தன. ஓடும்போதே மேற்பட்டை பெயர்ந்து வண்டிகள் கவிழ்ந்ததில் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். டெக்சாஸ், அரிசோனா, ஃபுளோரிடா போன்ற வெப்பம் மிகுந்த மாநிலங்களிலேயே இவை மிகுதியாக நிகழ்ந்தன. டயர் செய்த முறையிலும் வண்டியின் அமைப்பிலும் குறைகள் பேசப்பட்டன. அவற்றோடு காற்றழுத்தமும் பெரும் விவாதப் பொருளாயிற்று. வண்டி நிறுவனம் பரிந்துரைத்த அளவு 26 பவுண்டு. டயர் நிறுவனமோ 30 பவுண்டு வேண்டும் என்று வாதிட்டது. நான்கு பவுண்டு வேறுபாடு எத்துணை முதன்மையானது என்பதை உலகம் அப்போது உணர்ந்தது.

அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்கா புதிய சட்டம் ஒன்றை இயற்றியது. அதன் பயனாக, 2007 செப்டம்பர் முதல் அங்கு விற்கப்படும் புதிய மகிழுந்துகள் அனைத்திலும் காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவி கட்டாயமாயிற்று. ஐரோப்பாவிலும் 2014 நவம்பர் முதல் புதிய மகிழுந்துகளுக்கு இது கட்டாயமாயிற்று. நம் நாட்டிலும் இக்கருவி பூட்டிய வண்டிகள் ஓடுகின்றன. எனினும் எச்சரிக்கை விளக்கை மட்டும் நம்பியிருத்தல் தகாது. அமெரிக்க விதியின்படி, காற்று நான்கில் ஒரு பங்கு குறைந்த பின்னரே விளக்கு எரிந்தால் போதும். 32 பவுண்டு இருக்கவேண்டிய டயர் 24 பவுண்டிற்கு இறங்கும்வரை அவ்விளக்கு வாய் திறவாமல் இருக்கலாம்.

டயர் சொல்லும் செய்தி

டயரின் தேய்மானத்தைக் கொண்டே அதன் காற்றின் நிலையை அறியலாம். இரு ஓரங்களிலும் பட்டன் தேய்ந்து நடுப்பகுதி புதிதாக இருப்பின் காற்று நெடுநாள் குறைவாக இருந்திருக்கிறது. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருப்பின் காற்று அளவுக்கு மிகுதி. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருப்பின் குறை காற்றில் இல்லை. சக்கரங்களின் நேர்மையை, அதாவது வீல் அலைன்மெண்டைச் சரிசெய்ய வேண்டும்.

காற்று மிகுதியாயினும் தீமையே. டயர் விறைத்து, தரையில் படும் பரப்பு சுருங்கி, பள்ளத்தின் விளிம்பில் மோதும்போது எளிதில் காயமுறும். மழைக்காலத்திலோ, காற்று குறைந்த டயரின் நடுப்பகுதி நீரை விலக்கும் ஆற்றலை இழந்து, நீரின்மேல் மிதந்து வழுக்கும். எந்த வேகத்தில் டயர் நீர்மேல் மிதக்கத் தொடங்கும் என்பதை விமானச் சக்கரங்களைக் கொண்டு ஆராய்ந்த நாசா அறிஞர்கள், அவ்வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைச் சார்ந்தது எனக் கண்டனர். இதன்படி 36 பவுண்டு 25 ஆகக் குறைந்தால், வழுக்கத் தொடங்கும் வேகமும் ஆறிலிருந்து ஐந்தாகக் குறையும். பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரை மகிழுந்தில் பயன்படுத்தலாகாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி என்பதையும் இங்கு நினைவுறுத்துகிறோம்.

எரிபொருள் சிக்கனத்தையும் குறிப்பிட வேண்டும். நான்கு டயர்களின் சராசரிக் காற்று ஒரு பவுண்டு குறைந்தால் எரிபொருள் பயன் 0.2 விழுக்காடு குறைகிறது என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. ஐந்து பவுண்டு குறைந்தாலும் இழப்பு ஒரு விழுக்காடே. ஆகவே பணத்தை முன்னிறுத்தி இதனை வற்புறுத்துவதைவிட, உயிரை முன்னிறுத்தி வற்புறுத்துவதே நேர்மையாகும்.

அளக்கும் முறை

சரியான அளவை எங்கே காண்பது? ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் அதன் தூணிலோ, எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ, வண்டியுடன் தரப்பட்ட கையேட்டிலோ அது குறிக்கப்பட்டிருக்கும். முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும், குறைந்த பாரத்திற்கும் நிறைந்த பாரத்திற்கும் தனித்தனி அளவுகள் இருக்கலாம். டயரின் பக்கச்சுவரில் பொறிக்கப்பட்டுள்ள உச்ச அளவு வேறு. அந்த டயர் தாங்கக்கூடிய எல்லையை அது குறிக்கிறதேயன்றி, நம் வண்டிக்கு வேண்டிய அளவைக் குறிப்பதன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

எப்போது அளப்பது? வண்டி மூன்று மணி நேரமேனும் நின்றிருக்க வேண்டும். அல்லது ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் குறைவாகவே மெல்ல ஓடியிருக்க வேண்டும். காலை நேரமே இதற்கு ஏற்றது. எவ்விதக் குறையும் இல்லாத டயரும் திங்களுக்கு ஒன்றிரண்டு பவுண்டு காற்றை இயல்பாகவே இழக்கும். ஆகையால் திங்களுக்கு ஒருமுறையும், நெடும்பயணத்திற்கு முன்னரும் அளத்தல் வேண்டும். காலால் உதைத்துப் பார்ப்பதும் கண்ணால் மதிப்பிடுவதும் பயன்படா. ரேடியல் டயர்கள் சரியான காற்றிலும் அடியில் சற்றுப் பிதுங்கியே காணப்படும்; ஏழெட்டுப் பவுண்டு குறைந்தாலும் தோற்றத்தில் வேறுபாடு புலப்படாது. சிறிய அளவுமானி ஒன்றை வண்டியிலேயே வைத்திருத்தல் நன்று. பெட்ரோல் நிலையங்கள் கட்டணமின்றிக் காற்று வழங்கவேண்டும் என்பது விதியாதலால் செலவைக் காரணம் காட்டவும் வழியில்லை. அளந்தபின் வால்வின் வாயில் சிறிது சோப்பு நீரைத் தடவிப் பார்த்தால் கசிவு இருப்பின் குமிழி காட்டிவிடும். வால்வு மூடியை மறவாமல் திருகிவிட வேண்டும். தூசியைத் தடுப்பது அதுவே.

நைட்ரஜன் நிரப்பினால் காற்றை அளக்கவே வேண்டாம் என்று கருதுவோரும் உளர். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான் உள்ளது. தூய நைட்ரஜன் சற்று மெதுவாகக் கசியும். அதில் ஈரம் இராது. வெப்பத்தால் விரிவதிலோ அது காற்றைப் போன்றதே. எதனை நிரப்பினாலும் அளந்து பார்த்தே ஆகவேண்டும்.

சேம அச்சும் ஸ்டெப்னியும்

மாற்றுச் சக்கரத்தை நாம் ‘ஸ்டெப்னி’ என்கிறோம். வேல்ஸ் நாட்டிலுள்ள லானெல்லி என்னும் ஊரில் ஸ்டெப்னி என்றொரு தெரு உண்டு. 1904-இல் டேவிஸ் சகோதரர்கள் உருவாக்கிய மாற்றுச் சக்கரம் அத்தெருவின் பெயரைத் தாங்கி உலகெங்கும் பரவி, நம் பஞ்சர் கடை வரை வந்து சேர்ந்தது. ஆயின் இக்கருத்து தமிழர்க்குப் புதிதன்று. உப்பு வணிகர் தம் வண்டியின் அடியில் ‘சேம அச்சு’ ஒன்றைக் கட்டிக்கொண்டு சென்றதை, ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல் ஒன்றில் உவமையாகக் காண்கிறோம். மேடு வருமோ பள்ளம் வருமோ என்று முன்னறிய இயலாத வழியில், முன்னெச்சரிக்கையே துணை என்பதை அவ்வணிகர் உணர்ந்திருந்தனர். நம் ஸ்டெப்னியோ பல வண்டிகளில் ஆண்டுக்கணக்கில் காற்றின்றிக் கிடக்கிறது. நள்ளிரவில் வெளியே எடுத்தால் அதுவும் உதவாது. நான்கு டயர்களை அளக்கும்போது ஐந்தாவதையும் அளப்பது நம் கடமையாகும்.

எல்லா முன்னெச்சரிக்கைக்குப் பின்னும் ஓடும்போது டயர் வெடித்தால், தடையை ஓங்கி மிதித்தல் கூடாது. திருப்புவட்டை இரு கைகளாலும் உறுதியாகப் பற்றி, வேக மிதியிலிருந்து காலை மெல்ல எடுத்து, வண்டி தானே வேகம் தணிந்த பின்னர் இடப்புறம் ஒதுக்கி நிறுத்துதல் வேண்டும்.

நிறைவுரை

வண்டியைப் பாதுகாக்கும் கடமைகளுள் இதுவே மிக எளியது. செலவு மிகக் குறைந்தது. ஆயினும் மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவதும் இதுவே. திங்களுக்கு ஒரு காலை, பத்து நிமிடம் போதும். இயற்பியலில் வாயு விதியைப் படிக்கும் மாணவர், தேர்வுக்கு எழுதும் அவ்விதியைத் தம் வீட்டு வாயிலில் நிற்கும் வண்டியில் அளந்து பார்க்கட்டும். குடும்பத்தோடு பயணம் செய்யும் பெரியோர், வாடகை வண்டியாயினும் புறப்படுமுன் காற்றை அளக்குமாறு ஓட்டுநரைக் கேட்கட்டும். கோடையில் காற்றை இறக்க முற்படுவோரைக் கண்டால் பொறுமையோடு காரணம் கூறித் தடுக்கட்டும். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வண்டியின் முழுப் பாரமும் கண்ணுக்குத் தெரியாத காற்றின்மேல் நிற்கிறது என்பதை அறிந்தவர் அதனை அளக்காமல் புறப்படமாட்டார்.